தண்ணீர்த் தொட்டியடி வலி

இருதயராஜின் இடது முழங்கால் வலி அவருடைய காலில் இல்லை, தண்ணீர்த் தொட்டியடியில்தான் இருந்தது. இதை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. சொந்தமாக ஆராய்ந்து கண்டுபிடித்தார்.

ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தினமும் விடிகிற நேரத்துக்கு அவர் ஒரு மணல் மூட்டையை இடது தோளில் தூக்கிக்கொண்டு கிளம்புவார். செபஸ்தியார் கோயில் வாசலில் வலது கைப்பக்கம் திரும்பி, வீட்டு வரிசைகளைக் கடந்து, மேட்டின் உச்சியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கால் புது மாப்பிள்ளை மாதிரி நடக்கும். தொட்டியைத் தாண்டி இறக்கத்தில் அடி வைத்ததும், முழங்காலின் வெளிப்பக்கத்தில் யாரோ ஸ்க்ரூ டிரைவரைக் காய்ச்சிச் செருகுவார்கள். அங்கேயே சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். மறுநாள் சொல்லிவைத்தாற்போல அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும்.

ஒருநாள் மச்சினன் பாபுவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து தொட்டியடிக்குப் போய் இறங்கினார். வலி இல்லை. தொட்டியைச் சுற்றி வந்தார். இல்லை. சந்தேகத்தோடு இறக்கத்தில் இறங்கி நடந்து கொண்டேயிருந்தார். கோயிலுக்கு முந்தைய கடைசி வீடு நாகம்மாவுடையது. அதன் வாசலில் வலி அவரைப் பிடித்தது.

"குடி மாறிப் போயிருக்குது," என்றார் இருதயராஜ்.

"இன்னாது மச்சான்?"

"வலி. தொட்டியாண்டேர்ந்து நாகம்மா ஊட்டாண்ட வந்துட்டுது."

பாபு சிரிக்கவில்லை. காலியாகப் போகிற வீட்டை வாடகைக்குப் பார்க்க வந்தவன் சுவரையும் கூரையையும் பார்ப்பதுபோல அந்த முழங்காலைப் பார்த்தான்.

அவன் அப்படிப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது. ஜனவரி மாதம் செபஸ்தியார் திருவிழாவில் சப்பரத்தை எட்டுப் பேர் தோளில் சுமந்து குவார்ட்டர்ஸைச் சுற்றி வருவார்கள். அதில் இடது பக்கத்து முன்தண்டு இருதயராஜுடையது. அவருடைய அப்பா வடாற்காட்டிலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த காலத்தில் வாங்கிய இடம். இடது முன்தண்டுக்காரர் வைக்கிற அடிதான் மற்ற ஏழு பேருக்கும் அடி. அவர் நின்றால் செபஸ்தியார் நிற்பார், அவர் திரும்பினால் செபஸ்தியார் திரும்புவார். சப்பரம் கோயிலுக்குத் திரும்பி வருமுன் தோளை விட்டவனுக்கு அந்த இடம் போயிற்று. அவனுக்குப் பின்னால் நிற்பவன் ஓரடி முன்னால் வந்து தோள் கொடுத்தால் அன்றிலிருந்து அது அவனுடையது. இருதயராஜுக்குப் பின்னால் நிற்பவன் பாபு.

போன வருஷம் தொட்டி இறக்கத்தில் இருதயராஜின் கால் லேசாகத் தடுமாறியது. பின்னாலிருந்து பாபு மிகுந்த மரியாதையோடு, "நான் வரட்டா மச்சான்?" என்றான். அந்த மரியாதைதான் இருதயராஜைத் தூங்கவிடவில்லை. தீபாவளி கழிந்த கையோடு மணல் மூட்டையைத் தூக்கிவிட்டார். அதுவரை தெருமுனைக் கடைக்குக்கூட சைக்கிளில் போய்வந்த மனிதர், ஒரே வாரத்தில் காலையில் இரண்டு சுற்று, சாயங்காலம் இரண்டு சுற்று என்று ஏற்றினார். எல்லாம் சப்பரம் போகிற அதே பக்கமாக, சாலையின் அதே சரிந்த ஓரமாக.

கோயிலில் போய் முறையிடலாம் என்றால் அதற்கும் அவருக்கு வாய் வரவில்லை. செபஸ்தியார் மரத்தில் கட்டப்பட்டு, நெஞ்சிலும் வயிற்றிலும் தொடையிலும் அம்பு தைத்து நிற்கிறார். அவர் முன்னால் போய், நடந்தால் மட்டும் வலிக்கிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்று எப்படிச் சொல்வது? அதனால் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, ஊரில் எல்லாரும் சௌக்கியம் என்பதுபோல வந்துவிடுவார்.

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எடுத்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படி எலும்பு பார்த்ததில்லை என்றார். வலிக்கிறதே என்றதற்கு, எலும்பு நன்றாயிருக்கிறது என்று மறுபடியும் சொன்னார். இருதயராஜ் நன்றி சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே வெளியே வந்தார்.

ஒர்க்‌ஷாப்பில், ரயில் பெட்டிகளின் சக்கரச் சட்டங்களைப் பழுதுபார்க்கிற போகி செக்‌ஷனின் மூத்த ஆளான அப்துல் ரஹீம், கூட வேலை செய்கிற இருதயராஜின் எக்ஸ்ரேயை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"நக்கோ பாய், இது கைக்கு, எதுக்கு? எல்லாரும் எலும்பைப் பாக்குறான், லெவல் எவன் பாக்குறான்? கோச்சு ஒரு பக்கம் தாழ்ந்து வந்தா நாம இன்னா பண்றோம்?"

"பேக்கிங் வெச்சு ஒசத்துறோம்," என்றார் இருதயராஜ்.

"அப்புறம்? மனுசன் மட்டும் இன்னா, ஆகாசத்துலயா ஓடுறான்?"

சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பெட்டியின் உயரம் அளக்கிற தண்டவாளத்தில் ஒரு காலுக்கு ஒரு தண்டவாளம் என்று நிறுத்தப் பார்த்தார்கள். அகலத்துக்குக் கால் எட்டவில்லை. அதனால் ஒரே தண்டவாளத்தில் இரண்டு காலையும் சேர்த்து நிறுத்தி, பெட்டியின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் பஃபரை அளக்கிற அளவுகோலால் இரண்டு பக்கத்து இடுப்பெலும்பையும் அளந்தார்கள். இடது பக்கம் ஒரு விரற்கடை தாழ்வு. வலிக்கிற காலைத் தளர்த்திவிட்டு வலது காலில் சாய்ந்து நின்றிருந்தார் என்பது, அளந்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை, நின்றவருக்கும் தோன்றவில்லை. தடித்த ரப்பர் ஷீட்டை வெட்டி இடது செருப்புக்குள் வைத்துப் பசை தடவி ஒட்டினார்கள். அப்துல் ரஹீம் தட்டிப் பார்த்து, இனி இந்த வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்று சான்று கொடுத்தார்.

ஓடத்தான் செய்தது. இடது பக்கம் உயர்ந்துபோனதால் இருதயராஜ் நேராக நடக்க நினைத்தாலும் வலது பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார். மறுநாள் மெட்டுகுடாவில் அக்காள் வீட்டில் காபி குடித்துவிட்டு லாலாகுடா ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தார். ஏதோ யோசனையில் இருந்தவர் தலை நிமிர்ந்தபோது மல்லாபூர் தொழிற்பேட்டையில் ஒரு பெயிண்ட் கம்பெனி வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு பக்கம் சாய்ந்து, சந்தேகக் கண்ணோடு வந்த அவரைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து வாட்ச்மேன் நாற்காலி போட்டார். மேனேஜர் ஓடிவந்து சமோசா வாங்கிக் கொடுத்தார். இருதயராஜ் அன்று அந்தக் கம்பெனியின் இரண்டு கொதிகலன்களைப் பார்வையிட்டு, ஒன்றில் வால்வு கசிகிறது என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். வால்வு உண்மையிலேயே கசிந்தது என்று பின்னால் தெரியவந்தது.

விஷயத்தைக் கேட்ட அப்துல் ரஹீம், "ஹவ், பேக்கிங் ஓவராப் போச்சு," என்று ஒப்புக்கொண்டு வலது செருப்பிலும் அதே கனத்துக்கு வைத்தார். இருதயராஜ் நேராக நடந்தார். இப்போது இரண்டு முழங்காலும் வலித்தன.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மனைவி ஸ்டெல்லா அந்தச் செருப்பு ஜோடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"திருவிழா அன்னிக்கு இதைப் போட்டுக்கினுதான் சப்பரம் தூக்கப்போறீங்களா?"

சப்பரம் தூக்குகிறவர்கள் வெறுங்காலோடுதான் தூக்குவார்கள். இந்த ஒரு சங்கதி போகி செக்‌ஷன் முழுவதற்கும் தெரியும், அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

"மெட்ரோல போற பொம்பளைங்க சொல்றாங்க. தார்நாக்காவுல ஒரு பிசியோதெரபி பொண்ணு இருக்குதாம், நம்ம தமிழாளு. நாளைக்கிப் போறோம்," என்றாள் ஸ்டெல்லா. அத்தோடு செருப்பு குப்பைக்குப் போனது.

அந்தப் பெண் ஷர்மிளா, கோயம்புத்தூர்க்காரி. கணவனின் ஐ.டி. வேலைக்காக ஹைதராபாத்துக்கு வந்தவள். அவள் இருதயராஜைக் கட்டிலில் படுக்கவைத்து, இடது முழங்காலின் வெளிப்பக்கத்து எலும்பு மேட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு, காலை மெதுவாக மடக்கி நீட்டினாள். கொஞ்சம் மடங்கிய நிலையில் இருதயராஜ், மேலே சுவரில் மாட்டியிருந்த பல்லி பொம்மைக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"இதேதானுங்க," என்றாள் ஷர்மிளா திருப்தியாக. பிறகு முழங்காலை அப்படியே விட்டுவிட்டு இடுப்புக்குப் போய்விட்டாள். ஒருக்களித்துப் படுத்து இடது காலை மேலே தூக்கச் சொல்லி, ஒரு விரலால் கீழே அழுத்தினாள். கால் தொப்பென்று விழுந்தது.

"டாக்டரம்மா, வலி கீழ," என்றார் இருதயராஜ்.

"தெரியுதுங்க அங்கிள். தப்பு மேலங்க."

"எனக்கு மேல ஒண்ணுமே வலிக்கலியே."

"அதானுங்க தப்பு. இடுப்புல இருந்து தொடையோட வெளிப்பக்கமா ஒரு பட்டை இறங்கி முழங்காலுக்குக் கீழ வந்து ஒட்டுது. இடுப்புத் தசை சரியா வேலை செய்யலீன்னா அந்தப் பட்டை ஓவரா இழுபடும். இறக்கத்துல ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் எலும்பு மேல அழுத்தும். திடீர்னு ரொம்ப நடந்தீங்களா?"

ஸ்டெல்லா முந்திக்கொண்டாள். "மூட்டை தூக்கினு நடந்தாரும்மா. ஊர்ல மணல் விலை ஏறிப்போச்சு இவரால."

ஷர்மிளா ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தப் பாதை, எந்தப் பக்கம், சாலையின் ஓரமா நடுவா என்று கேட்டு முடித்ததும் ஒரு மாதிரி தலையாட்டினாள். ரெண்டு வாரத்துக்கு மூட்டை கூடாது, இறக்கம் கூடாது, வலித்தால் ஐஸ் ஒத்தடம். தினமும் ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்கி இறக்க வேண்டும். உருளை ஒன்று கொடுத்தாள், தொடையை அதன்மேல் வைத்து உருட்ட வேண்டும், முழங்காலை அல்ல. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம்.

"ஆனா அங்கிள், இனி எதிர்ப்பக்கமா சுத்தி வரணுங்க. எப்பவும் ஒரே சரிவுல ஒரே கால் தாழ்ந்துக்கிட்டே இருந்தா மறுபடி வரும். வாசல்ல வலது பக்கம் திரும்பாம இடது பக்கம் திரும்புங்க. நாகம்மா வீட்டுப் பக்கமா ஏறி, தொட்டியைத் தொட்டுட்டு, இந்தப் பக்கமா மெதுவா இறங்கி வாங்க. உங்க கணக்குல அது ஏத்தம் செங்குத்து, இறக்கம் சாய்வு. முழங்காலுக்கு நல்லது."

இருதயராஜும் ஸ்டெல்லாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது முடியாதும்மா," என்றாள் ஸ்டெல்லா.

"ஏனுங்க ஆன்ட்டி?"

"அது பெட்டி போற வழி."

செபஸ்தியார் வலது பக்கம் போவார், செத்தவர்கள் இடது பக்கம் போவார்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற சவப்பெட்டி, முன்னால் ஒருவன் மணி அடித்துக்கொண்டு போக, கோயில் வாசலில் இடது பக்கம் திரும்பி, நாகம்மா வீட்டைக் கடந்து ஏறும். உயிரோடிருக்கிறவன் யாரும் காரணமில்லாமல் அந்தச் சுற்றைத் தலைகீழாகச் சுற்றுவதில்லை. ஷர்மிளா இதைக் கேட்டுவிட்டு, பட்டைக்கு அந்த வித்தியாசம் தெரியாதுங்க என்றாள்.

உருளை வந்த முதல் நாள் இருதயராஜ் கூடத்தில் அதன்மேல் தொடையை வைத்து உருட்டினார். அவர் எழுப்பிய சத்தத்தில், யார்டில் நின்றுகொண்டிருந்த ஒரு கூட்ஸ் வண்டி பச்சை விளக்கு விழாமலே நகர்ந்ததாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது வாரத்தில் சத்தம் குறைந்தது. தூக்கின கால் மேலேயே நின்றது. மூன்றாவது வாரம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மூட்டையில்லாமல், வாசலில் இடது பக்கம் திரும்பி நடந்தார்.

நாகம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் மாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள்.

"யாருப்பா?"

"நான்தான்க்கா, இருதயராஜு."

"அது தெரியுது. போனது யாரு?"

"யாரும் போகலக்கா. முட்டிக்காக நடக்கிறேன்."

நாகம்மா நம்பவில்லை. அவர் தொட்டியடிக்குப் போய்ச் சேருவதற்குள் நான்கு வீட்டில் சமையலை நிறுத்திவிட்டார்கள். தினமும் அவர் அந்தப் பக்கமாக நடக்க நடக்க, இறந்தது யார் என்பதில் ஊருக்குள் கருத்து வேற்றுமை பெருகியது. கடைசியில் நடக்கிற ஆளே தவிர வேறு யாரும் தென்படாததால் அவராகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, மௌலா அலியிலிருந்து தூரத்துச் சொந்தம் ஒன்று மாலையோடு வந்துவிட்டது. கதவைத் திறந்தது இருதயராஜ்.

"இன்னா இருதயராஜு, எப்போ நடந்தது?" என்று கேட்டார் வந்தவர்.

"காலையில அஞ்சரைக்கு," என்றார் இருதயராஜ், நடைப்பயிற்சியைச் சொல்லி.

வந்தவர் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்கே போட்டார். இருதயராஜும் குழம்பிப்போய்க் குனிந்து வாங்கிக்கொண்டார்.

ஆனால் வலி போய்விட்டது. தொட்டியடியிலும் இல்லை, நாகம்மா வீட்டு வாசலிலும் இல்லை. திருவிழாவுக்கு முந்தின வாரம் ஷர்மிளா காலை அழுத்தி, மடக்கி, தூக்கச் சொல்லி, இறங்கச் சொல்லிப் பார்த்தாள். சுமக்கலாம், இறக்கத்தில் மட்டும் அடியைச் சின்னச் சின்னதாக வையுங்கள் என்றாள். இருதயராஜ் வீட்டுக்கு வரும் வழியில் பாபுவின் வீட்டுக்குப் போய், தேவையே இல்லாமல் மாடிப்படி ஏறி இறங்கிக் காட்டிவிட்டு வந்தார்.

திருவிழா அன்று சாயங்காலம் பூசை முடிந்து சப்பரம் வாசலுக்கு வந்தது. முன்னால் பேண்டு வாத்தியம், அதன் பின்னால் சிலுவை, மெழுகுவர்த்திப் பிள்ளைகள், ஃபாதர். எல்லாரும் வலது பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். இருதயராஜின் இடது தோளில் தண்டு உட்கார்ந்தது. பக்கத்தில் வலது முன்தண்டில் மோகன். பின்னால் பாபுவின் மூச்சு கழுத்தில் பட்டது. இருதயராஜுக்கு உலகத்தில் ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது. இடுப்பு. இடுப்பை விடாதே, இடுப்பை விடாதே என்று சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டி, கால் பழகிய பக்கம் திரும்பினார்.

இடது பக்கம்.

முன்தண்டு திரும்பினால் மற்றதெல்லாம் திரும்பும். பூ அலங்காரமும் ஜிகினாத் துணியும் தொங்கியதால் பின்னால் இருந்தவர்களுக்கு முன்னால் போகிறவரின் குதிகாலைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பேண்டுச் சத்தம் விலகிப் போவதுபோல இருந்தது. இடுப்பை நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது தன் காது அடைத்துக்கொண்டதாகப் பட்டது.

"மச்சான்," என்றான் பாபு, "இது பெட்டி வழி."

தன் கவனத்தைக் கலைத்துத் தோளை இறக்கப் பார்க்கிறான் என்று இருதயராஜ் நினைத்தார். போன வருஷம் மரியாதை, இந்த வருஷம் சாவு.

"பேசாம வாடா."

"மச்சான், கண்ணைத் தொறந்து பாரு. மெய்யாலுமே பெட்டி வழி."

"உனக்கு அந்த வழிதான் தெரியும்."

நாகம்மா வீட்டில் முறுக்கு எண்ணெயில் கிடந்தது. வருஷா வருஷம் ஊரெல்லாம் சுற்றி, பூ வாடி, மெழுகுவர்த்தி கரைந்து, பேண்டுக்காரர்களுக்கு மூச்சு வாங்கி, கடைசியாகத்தான் செபஸ்தியார் அவள் வாசலுக்கு வருவார். இன்றைக்கு மல்லிகை வாசனையோடு முதலாவதாக வந்து நின்றார். அவள் ஜல்லிக்கரண்டியோடு ஓடிவந்து, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தக் கரண்டியாலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

சப்பரம் செங்குத்தான மேட்டில் ஏறியது. ஏற்றத்தில் முழங்கால் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர்த் தொட்டியடிக்கு வந்தபோது எதிர்ப்பக்கத்திலிருந்து பேண்டு வாத்தியம் வந்தது. செபஸ்தியார் தங்களுக்குப் பின்னால் வருகிறார் என்று நம்பி இவ்வளவு தூரம் வாசித்துக்கொண்டு வந்தவர்கள், அவர் எதிரே வருவதைப் பார்த்ததும் டிரம்பெட்டை வாயிலிருந்து எடுத்தார்கள். ஃபாதர் திரும்பித் தன் பின்னால் பார்த்தார், பிறகு முன்னால் பார்த்தார், பிறகு முழங்காலிட்டார். செபஸ்தியார் மட்டும் எப்போதும்போல மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் இருதயராஜுக்கு விளங்கியது. விளங்கியதும் கால் நின்றது. கால் நின்றதும் பாபு ஓரடி முன்னால் வைத்தான்.

"நான் வரட்டா மச்சான்?"

சப்பரம் பின்வாங்கக் கூடாது என்பது முறை. தோளை விட்டால் இடம் போய்விடும். இருதயராஜ் மோகனைப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறே? நீ திரும்பினே, நான் வந்தேன்," என்றார் மோகன்.

இருதயராஜ் இடுப்பை நினைத்துக்கொண்டார். சின்னதாக ஓர் அடி முன்னால் வைத்தார். பேண்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி, வழிவிட்டு, சப்பரத்துக்குப் பின்னால் சேர்ந்துகொண்டு வாசித்தார்கள். சாய்வான இறக்கத்தில் சின்னச் சின்ன அடியாக இறங்கி, தலைகீழாகச் சுற்றி முடித்து, சப்பரம் கோயிலுக்குள் போனது. தோள் ஒருதரமும் தண்டை விடவில்லை.

மறு ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் முற்றத்தில் கூட்டம் கூடியது. இடம் இருதயராஜுடையதா பாபுவுடையதா என்பது கேள்வி.

"ஏத்தமா போனா முட்டி வலிக்காதுன்னு டாக்டரம்மா சொன்னதை வெச்சு, வேணும்னே சாமியைத் திருப்பிட்டாரு," என்றான் பாபு. "சுத்தின சுத்து கணக்குல சேராது."

"வேணும்னு திருப்பினியா?" என்று கேட்டார் ஃபாதர்.

இருதயராஜ் உண்மையிலேயே யோசித்தார். கால் பழக்கத்தில் திரும்பியதா, புத்தி திரும்பச் சொல்லிக் கால் கேட்டதா என்று ஆராய்ந்து பார்த்தார். அவருக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"தெரியல ஃபாதர். அந்த நேரம் நான் இடுப்புல இருந்தேன்."

நாகம்மா எழுந்து, இனி வருஷா வருஷம் இப்படியே வரட்டும், வாடின பூவை இத்தனை வருஷம் பார்த்தது போதும் என்றாள். வலது பக்கத்து முதல் வரிசைக்காரர்கள், அப்படியானால் வாடின பூ எங்களுக்கா என்று சண்டைக்குக் கிளம்பினார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கினதும் ஃபாதர் தீர்ப்புச் சொன்னார். தோள் இறங்கவில்லை, எந்த வீடும் விடுபடவில்லை. ஆகவே முன்தண்டு இருதயராஜுக்கே. ஆனால் இவர் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆகவே சப்பரத்துக்கு முன்னால் பாபு மணி அடித்துக்கொண்டு வழிகாட்டிப் போக வேண்டும்.

பாபு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான்.

"அப்போ முன்னால யாரு ஃபாதர், அவரா நானா?"

ஃபாதர் அங்கி மாற்ற உள்ளே போய்விட்டார்.

மறுநாள் விடிகாலையில் இருதயராஜ் நடக்கக் கிளம்பியபோது, கோயில் வாசலில் பாபு மணியோடு நின்றுகொண்டிருந்தான். பழக வேண்டுமாம். ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி நடக்கும்படி ஷர்மிளா சொல்லியிருந்தாள்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் மச்சான்?"

"எனக்கெப்படிடா தெரியும்? வழிகாட்டுறவன் நீதானே," என்றார் இருதயராஜ்.

பாபு வலது பக்கம் பார்த்தான், இடது பக்கம் பார்த்தான். பிறகு நின்ற இடத்திலேயே மணியை அடித்தான். நாகம்மா கதவைத் திறந்து, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.